இரண்டு டனலும் பச்சை, ஆனாலும் பாதி இணைப்பு தொங்கியது

அலுவலக நெட்வொர்க்கையும் கிளவுடையும் இணைக்க இரண்டு ஐபிசெக் டனல்கள் (தரவை என்கிரிப்ட் செய்து அனுப்பும் பாதைகள்) போட்டிருந்தேன். ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும் என்ற நினைப்பு. திரையில் இரண்டுமே பச்சை. ஆனால் சில இணைப்புகள் உடனே கிடைத்தன, சில அப்படியே தொங்கின.

ஒரு நாள் முழுக்க என்கிரிப்ஷன் அமைப்பையே நோண்டினேன். வீண் வேலை, டனல்தான் எழுந்து நிற்கிறதே!

அப்புறம்தான் இரண்டு டனலிலும் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தேன். இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட் முதல் டனலில் போகிறது, அதற்கான பதில் இரண்டாவதில் வருகிறது. தொடக்கத்தை அந்தப் பக்கம் பார்க்காத ஃபயர்வால், பதிலைத் தூக்கி எறிகிறது. கிளவுட் பக்கத்துக்கு இரண்டு பாதையும் சமம், அதனால் பிரித்து அனுப்பியிருக்கிறது.

எந்தப் பாதையில் வரலாம் என்று இரண்டு பக்கமும் பிஜிபி நெறிமுறை மூலம்தான் சொல்லிக்கொள்கின்றன. இரண்டாவது டனலின் பிஜிபி அறிவிப்பில் எங்கள் ஏஎஸ் எண்ணை (நெட்வொர்க்கின் அடையாள எண்) கூடுதலாக மூன்று முறை சேர்த்தேன். பாதை நீளமாகத் தெரிந்ததும் பதில்கள் எல்லாம் முதல் டனலுக்கே திரும்பின. எங்கள் பக்கத்திலிருந்து வெளியே போகும் பாதையைத் தீர்மானிக்கும் லோக்கல் பிரிஃபரன்ஸையும் முதல் டனலுக்கே உயர்த்தினேன்.

சரி, சோதிப்போம் என்று முதல் டனலை வேண்டுமென்றே நிறுத்தினால், கிட்டத்தட்ட 3 நிமிடம் மௌனம். எதிர்ப்பக்கம் பேசாவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதைச் சொல்லும் பிஜிபி ஹோல்டு டைமர் 180 விநாடியில் இருந்தது. 'இருக்கிறேன்' என்று அவ்வப்போது சொல்லும் கீப்அலைவ் செய்தியின் இடைவெளியை 10 விநாடி, ஹோல்டை 30 விநாடி என்று குறைத்தேன். இப்போது அரை நிமிடத்துக்குள் மாறிவிடுகிறது.