ட்ரிபிள் இ (மின், மின்னணுப் பொறியியல்) முடித்தவர்கள் முப்படை அதிகாரி ஆவது எப்படி

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ராணுவம் என்றதும் பிள்ளைகள் சிப்பாய்களை எடுக்கும் அக்னிவீர் ரேலியைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் பி.டெக் வைத்திருப்பவர் நேராக அதிகாரியாகவே, லெப்டினன்டாக நுழையலாம். தரைப்படையின் தொழில்நுட்பப் பிரிவுகளுக்கு எழுத்துத் தேர்வே கிடையாது. மார்க்கை வைத்து எஸ்எஸ்பி (அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்காணலுக்கு அழைப்பார்கள்.

தரைப்படைக்கு வாசல் இரண்டு. டிஜிசி (தொழில்நுட்பப் பட்டதாரிகளுக்கான நுழைவு) திருமணமாகாத ஆண்களுக்கு. நிரந்தரப் பணி, பயிற்சி டேராடூனில். எஸ்எஸ்சி டெக்கில் (குறுகிய காலப் பணி) பெண்களும் சேரலாம். 10 வருடம், அதன்பின் 4 வருடம் நீட்டிக்கலாம். இரண்டுக்கும் வயது 20 முதல் 27. கடைசி வருடத்தில் இருப்பவருக்கு ஆறாவது செமஸ்டர் வரையிலான மொத்த சதவீதம்தான் கணக்கு. கட்-ஆஃப் பிரிவுக்குப் பிரிவு மாறும். அதனால் ஏழாவது செமஸ்டரில் விழித்துக்கொண்டு பயனில்லை.

கடற்படையின் மின் பிரிவுக்கு 60 சதவீதம் வேண்டும். அகாடமி நம் கண்ணூர் எழிமலையில். மின் பயிற்சி ஜாம்நகர் ஐஎன்எஸ் வல்சுராவில். விமானப்படைக்கு மட்டும் ஏஎஃப்கேட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்: 100 கேள்வி, 300 மார்க், 2 மணி நேரம், தவறுக்கு 1 மார்க் கழியும்.

மார்க் இருந்தும் பலர் விழுவது காகிதத்தில். எல்லை ஊரில் இது இன்னும் சிக்கல்: பத்தாம் வகுப்பு பொள்ளாச்சியில், பட்டம் கேரளத்தில். ஒன்றில் இன்ஷியல் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். விண்ணப்பத்தில் பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஆதாரையும் பட்டத்தையும் அதற்கேற்பத் திருத்தும் வேலையை ஐந்தாவது செமஸ்டரிலேயே தொடங்குங்கள். சிஜிபிஏவை (பத்துக்கு இத்தனை என்று வரும் சராசரி) சதவீதமாக்க நீங்களாகப் பத்தால் பெருக்கிப் போடாதீர்கள். பல்கலைக்கழகத்தின் சூத்திரம் எதுவோ அதுதான், அதற்கான சான்றும் கையில் வேண்டும். பிரிவின் பெயரும் மார்க் ஷீட்டில் இருப்பதுபோலவே, எழுத்து மாறாமல்.

எஸ்எஸ்பி ஐந்து நாள். பெங்களூர் மையம் கிடைத்தால் பாலக்காட்டிலிருந்து ராத்திரி ரயில் போதும். முதல்முறை போகிறவருக்கு ரயில் கட்டணம் திரும்பக் கிடைக்கும், டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். முதல் நாள் வடிகட்டும் தேர்விலேயே பாதிக்கு மேல் திரும்பிவிடுவார்கள். காரணம் பெரும்பாலும் வாய் திறக்காததுதான். படத்தைப் பார்த்துக் கதை எழுதிவிட்டுக் குழுவில் ஆங்கிலத்தில் பேச வேண்டும். இலக்கணம் தப்பினாலும் பேசுங்கள். இரண்டாம் நாள் ஒவ்வொன்றாக 60 சொல் காட்டுவார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுத வேண்டும், சொல்லுக்கு 15 விநாடி. ‘தோல்வி’ என்று வந்தால் ‘தோல்வியைக் கண்டு துவளக் கூடாது’ என்று எழுதுவது உபதேசம். ‘தோற்ற அணி மறுநாளே பந்துவீச்சை மாற்றிப் பழகியது’ என்பது செயல். இரண்டாவதுதான் எடுபடும்.

நேர்காணலில் சப்ஜெக்ட் கேட்பார்கள், அடிப்படையைத்தான். வீட்டில் போர்வெல் மோட்டார் இருக்கிறது என்றால் அதில் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் எதற்கு என்று கேள்வி வரலாம். ஸ்டாரில் லைன் கரன்ட் மூன்றில் ஒன்றாகக் குறையும் என்பதோடு நிறுத்தாமல், தொடக்க டார்க்கும் (சுழற்று விசை) அதே அளவு குறையும் என்பதையும் சொல்லுங்கள்.

உடம்பையும் இப்போதே பழக்க வேண்டும். தரைப்படை ஆண்களிடம் எதிர்பார்ப்பது 2.4 கிலோமீட்டர் 10 நிமிடம் 30 விநாடியில், 40 புஷ்-அப், 6 புல்-அப். இதில் புல்-அப்தான் பலருக்கு வராது. தினமும் கம்பியில் தொங்கத் தொடங்குங்கள். மருத்துவப் பரிசோதனைக்குப் போகுமுன் காது அழுக்கை டாக்டரிடம் எடுத்துவிட்டுப் போங்கள். அதற்காகவே தற்காலிகத் தகுதியின்மை எழுதுவதுண்டு.