ஆடி, ஆவணி வெயிலில் ஊருக்குப் போகிறவர்களுக்கு

பள்ளிக்கூட விடுமுறையும் யாழ்ப்பாணம் நல்லூர்க் கோயில் திருவிழாவும் கிட்டத்தட்ட ஒன்றாக வருவதால், கனடாவோ லண்டனோ சுவிஸோ, பலரும் ஊருக்குப் போவது ஆடி, ஆவணியில்தான். இலங்கையின் வடக்கில் அது மழையில்லாத காலம்; சோளகக் காற்று புழுதியை அள்ளி வீசும். வெப்பமானி 32, 33 என்றுதான் காட்டும். ஆனால் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை காயாது, உடம்புச் சூடும் இறங்காது. "நான் அந்த மண்ணில் வளர்ந்தவன், எனக்கு ஒன்றும் செய்யாது" என்ற கதை இங்கே எடுபடாது. குளிர்நாட்டில் பல வருடம் இருந்த உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் எடுக்கும். அதற்குள் பலருக்கு விடுமுறையே முடிந்துவிடும்.

ஆகவே முதல் சில நாட்களாவது வெளி அலுவல்களைக் காலை பத்து மணிக்கு முன்போ பின்னேரம் நாலு மணிக்குப் பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். தாகம் வரும்வரை காத்திருக்காமல் குடியுங்கள். நிறைய வியர்த்தால் உப்புப் போட்ட மோர் நல்லது. வயிற்றோட்டம் என்றால் பாமசியில் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த கரைசல் தூள்) வாங்கிப் பக்கெற்றில் சொன்ன அளவு தண்ணீரில் கரையுங்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். பிரஷருக்குச் சலம் போகிற குளிசை எடுப்பவர்கள், வெயில் காலத்தில் அளவை மாற்ற வேண்டுமா என்று புறப்படும் முன்பே கேட்டு வையுங்கள்.

சலரோகக்காரருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நல்லூர் வீதியில் செருப்பில்லாமல்தான் நடப்போம். உச்சிவெயிலில் அந்த மணல் தாச்சிச் சட்டியாய்க் கொதிக்கும். காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சுடுவதே தெரியாது. இரவு பார்த்தால் உள்ளங்காலில் கொப்புளம் எழும்பியிருக்கும். அது ஆறாத புண்ணாக மாற அதிக நாள் வேண்டாம். காலைப் பூசைக்கோ பின்னேரத் திருவிழாவுக்கோ போங்கள். படுக்கும் முன் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள், அல்லது பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்சுலினைக் கைப்பையில் கொண்டுபோங்கள், வெயிலில் நிற்கும் வாகனத்தில் விடாதீர்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் ஈர மண்பானைக்குள் வைத்தாலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

தண்ணீர் விஷயத்தில்தான் முகத்தாட்சணியம் நம்மை மாட்டிவிடும். யாழ்ப்பாணத்தின் நிலத்தடி சுண்ணக்கல். மலசலகூடக் குழியில் இருப்பது கிணற்றுக்கு இலகுவில் ஊறிவிடும். கிணற்றுத் தண்ணீர் பளிங்காய்த் தெரிந்தாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள். போகிற வீட்டில் சர்பத் நீட்டினால், "தேத்தண்ணி தாங்கோ" என்று உரிமையோடு கேளுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள், தண்ணீரும் கொதித்திருக்கும். நெருப்புக்காய்ச்சல் (டைஃபொயிட்) தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன் போடுங்கள்.

டெங்கு வடக்கில் பெரும்பாலும் ஆண்டுக் கடைசி மழையோடு கூடும். ஆனால் கொழும்பில் வைகாசி, ஆனி மழைக்குப் பிறகும் ஏறும். வெள்ளவத்தையில் நாலு நாள் நிற்கப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்த நுளம்பு பகலில் கடிக்கும். இரவு வலை மட்டும் போதாது. காய்ச்சல் வந்தால் பனடோல் மட்டும், உரிய அளவில். அஸ்பிரினும் இபுபுரோஃபெனும் இரத்தக் கசிவைக் கூட்டலாம். மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். காய்ச்சல் விட்டதும் "சரி, சுகம்" என்று எழும்பித் திரிகிறோமே, ஆபத்து பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். கடும் வயிற்றுவலி, ஓயாத சத்தி, முரசில் இரத்தம் கண்டால் உடனே ஆஸ்பத்திரி. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்; இலங்கைப் பிரஜைகளுக்கு அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்கும் காசில்லை.

பிள்ளைகள் முற்றத்து நாய்க்குட்டியோடு விளையாடுவார்கள். கீறினாலும் கடித்தாலும் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே விசர்நாய்க்கடி ஊசிக்குப் போங்கள். வீட்டு நாய்தானே என்று விட வேண்டாம்.

திரும்பி வந்து சில வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் இலங்கை போய் வந்ததை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று அனுப்பிவிடுவார்கள். டெங்குவுக்கும் நெருப்புக்காய்ச்சலுக்கும் பார்க்கும்படி நீங்களே கேட்க வேண்டியிருக்கும்.