பழைய நீர்வண்ணப் பேராலய ஓவியங்களைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1795-இல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் ஆங்கில ஓவியர் டர்னர், இங்கிலாந்தின் லிங்கன் நகரப் பேராலயத்தின் நீர்வண்ண ஓவியம் ஒன்றை வைத்தார். அப்போது அவருக்கு வயது 20. அந்தக் காலத்து லிங்கன் படங்களை இன்றைய புகைப்படத்தோடு ஒப்பிடுபவர்கள், மேற்குக் கோபுரங்களின் உச்சியில் கூர்ங்கூம்புகளைப் பார்த்ததும் 'இது ஓவியரின் கற்பனை' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது தவறு. கூம்புகள் உண்மையிலேயே இருந்தன. 1807-இல்தான் அவற்றை இறக்கினார்கள். கோதிக் (இடைக்கால ஐரோப்பியக் கூர்வளைவுப் பாணி) கட்டடம் என்றால் கட்டிய நாள் முதல் மாறாமல் நிற்கிறது என்று நினைத்துக்கொள்வதால் வரும் குழப்பம் இது. சாலிஸ்பரி பேராலயத்தருகே தனியே நின்ற மணிக்கோபுரத்தையும் 1790-ஐ ஒட்டி, கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் வயட்டின் சீரமைப்பில் இடித்துவிட்டார்கள்.

அதற்காகப் படத்தில் உள்ள எல்லாவற்றையும் அப்படியே நம்பவும் கூடாது. டர்னர் கோடையில் ஊர் ஊராகப் போய்ப் பென்சிலில் வரைந்து வருவார். வண்ணம் தீட்டுவது பெரும்பாலும் லண்டனுக்குத் திரும்பிய பிறகுதான். ஆகவே படத்திலுள்ள மேகமும் நிழலும் அந்த நாளின் வானிலைக் குறிப்பு அல்ல. கோபுரம் இன்னும் ஓங்கித் தெரியட்டும் என்று கீழே நிற்கும் மனிதர்களைச் சிறிதாக்குவதும் அன்றைய ஓவியர்களிடம் சாதாரணம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது நிறத்தைப் பற்றிய தவறுதான். வானம் இளஞ்சிவப்பாக இருந்தால் உடனே 'என்ன அழகான அந்தி' என்கிறோம். பல படங்களில் அது அந்தியே இல்லை. சாம்பல் மேகத்துக்கு அவுரி நீலத்தையும் இரும்புத் துருச் சிவப்பையும் கலப்பார்கள். வெளிச்சம் பட்டுப்பட்டு அவுரி வெளுத்துவிடும், சிவப்பு மட்டும் நிற்கும். மழை மேகம் அந்தியாகிவிடும்! கல்லின் குளிர்ந்த நிழலும் இதே வழியில் பழுப்பேறும். 27 வயதிலேயே இறந்துபோன, டர்னர் காலத்து ஓவியர் தாமஸ் கர்டினின் படங்கள் பல இப்படி வெளுத்தவை. ஓவியத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், மவுண்ட் அட்டை (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) மறைத்திருந்த விளிம்பைப் பாருங்கள். பழைய நீலம் அங்கே பிழைத்திருக்கக்கூடும்.

அருங்காட்சியக அறை இருட்டாக இருக்கிறது என்று குறைப்படுவதும் சரியல்ல. வெளிச்சத்தை 50 லக்ஸ் (ஒளி அளவின் அலகு) என்ற குறைந்த அளவில் வைப்பது இந்த நிறங்களைக் காப்பாற்றத்தான்.

வீட்டில் இப்படி ஒரு படம் இருந்தால் ஜன்னலுக்கு எதிரே மாட்ட வேண்டாம். கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. அமிலமுள்ள மலிவு அட்டையும் ஆகாது. ஈரத்துணி பக்கத்திலேயே வரக் கூடாது. வண்ணத்தைப் பிடித்திருப்பது கருவேலம் பிசின் வகை, அது தண்ணீரில் கரையும். அப்புறம், கருத்த புள்ளிகளை அழுக்கு என்று சுரண்டாதீர்கள். அது காற்றிலுள்ள கந்தகம் பட்டுக் கறுத்த ஈய வெள்ளையாக (ஈயத்தில் செய்த வெள்ளை நிறப்பொடி) இருக்கலாம். அதைத் திரும்ப வெண்மையாக்கத் தாள் பாதுகாப்பு நிபுணர்களுக்கு வழி உண்டு. சுரண்டிவிட்டால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.