ஹாஸ்டல் அறையிலிருந்தே ஆன்லைன் பாட்டுப் போட்டிக்கு வீடியோ எடுப்பது எப்படி?

பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் கலைப்போட்டி அறிவிப்பு வந்ததும் பலர் நல்ல கேமரா உள்ள போன் யாரிடம் இருக்கிறது என்றுதான் விசாரிப்பார்கள். விசாரிக்க வேண்டியது சத்தமில்லாத அறையை. படம் சுமாராக இருந்தாலும் பாட்டைக் கேட்க முடியும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால், எவ்வளவு நன்றாகப் பாடியிருந்தாலும் சுருதி சுத்தமும் கமகமும் (சுரத்தை அசைத்துப் பாடும் நயமும்) நடுவர் காதுக்குப் போய்ச் சேராது. தனிப்பாட்டுக்குப் பதிவு செய்யும் முறையை, முதல் முறை கலந்துகொள்ளும் பொறியியல் மாணவர்களுக்காக இங்கே எழுதியிருக்கிறோம். வீணை, வயலின், புல்லாங்குழலுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: விதிகளை வரிவரியாகப் படியுங்கள்

நான்கு விஷயங்களைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள்: நேர வரம்பு, ஒரே டேக்கா (நடுவில் வெட்டாத ஒரே பதிவு) எடிட்டிங் உண்டா, பின்னணி இசைக்கு அனுமதி உண்டா, கோப்பின் அளவு எவ்வளவு. சினிமாப் பாட்டு பாடலாமா என்பதையும் பாருங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் இளைஞர் விழாவின் மெல்லிசைப் பிரிவில் சினிமாப் பாட்டு கிடையாது. அந்த விதியையே பின்பற்றும் போட்டிகளும் உண்டு.

கல்லூரி பெயர் தெரியக் கூடாது என்று விதி இருந்தால் ஐடி கார்டைக் கழற்றுங்கள். டிபார்ட்மென்ட் டிஷர்ட், சுவரில் ஒட்டிய டைம்டேபிள், மேசையில் இருக்கும் ரெக்கார்டு நோட்டு எல்லாமே காட்டிக்கொடுக்கும்.

நேர வரம்பு 5 நிமிடம் என்றால் பாட்டு 4 நிமிடம் 30 விநாடிக்குள் முடியட்டும். கீர்த்தனை பாடுபவர்கள் ஆலாபனையை 40 விநாடியில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதை நீட்டிவிட்டு, மணியைப் பார்த்துக்கொண்டே சரணத்தில் ஓடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

படி 2: அறையைத் தயார் செய்யுங்கள்

காலி அறையின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். தட்டியபின் 'ட்ர்ர்ங்' என்று ஒரு வால் நீண்டால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி பந்துபோல் அடிபடுகிறது என்று அர்த்தம். பாட்டில் அந்த வால் ஒவ்வொரு சொல்லின் மீதும் படியும்.

மூன்று கட்டில்களின் மெத்தைகளை எடுத்து, ஒன்றை உங்கள் முதுகுக்குப் பின்னாலும் இரண்டைப் பக்கச் சுவர்களிலும் நிறுத்துங்கள். இரும்பு பீரோ இருந்தால் அதன்மேல் கனத்த போர்வையைத் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் சில சுரங்களுக்கு அந்தத் தகடே அதிரும். தரையில் ஜமுக்காளம் விரியுங்கள். மீண்டும் தட்டிப் பாருங்கள், வால் குறைந்திருக்கும். முட்டை அட்டையும் தெர்மாக்கோலும் சுவரில் ஒட்ட வேண்டாம். அவற்றின் எடைக்கும் தடிமனுக்கும் குரலின் கீழ்ப்பகுதியை உறிஞ்ச முடியாது. தெர்மாக்கோல் வேறு வேலைக்குப் பயன்படும், அதைப் பின்னால் சொல்கிறோம்.

மின்விசிறியைக் கட்டாயம் நிறுத்துங்கள். அதன் காற்று மைக் ஓட்டையில் மோதி 'புர்ர்' என்று விழும். பதிந்த பிறகு அதைக் குரலிலிருந்து பிரிப்பது கடினம். சோக் வைத்த பழைய டியூப்லைட் ரீங்கரித்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

எப்போது எடுப்பது? ஞாயிறு மதியம், எல்லோரும் மெஸ்ஸுக்குப் போயிருக்கும் நேரம் நல்லது. வராந்தா அமைதியாக இருக்கும், ஜன்னல் வெளிச்சமும் கிடைக்கும். நீங்கள் சாப்பிடுவதற்கு முன்பே பாடிவிடுங்கள், நிறைந்த வயிற்றோடு மூச்சு பிடிபடாது.

படி 3: படத்துக்கு ஒரு போன், ஒலிக்கு ஒரு போன்

எடிட்டிங்குக்கு அனுமதி இருந்தால் இரண்டு போன்களை வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கும் போன் 2 மீட்டர் தள்ளி நிற்கட்டும். ஒலிக்கான போனை முகத்திலிருந்து 30 முதல் 45 சென்டிமீட்டரில், நெஞ்சு உயரத்தில், படச்சட்டத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். பெரும்பாலான போன்களில் முதன்மை மைக் அடிப்பக்கத்தில்தான் இருக்கும், அந்தப் பக்கம் உங்கள் வாயைப் பார்க்க வேண்டும். ட்ரைபாட் இல்லாவிட்டால் கெமிஸ்ட்ரி லேபில் கேட்டு ஒரு ப்யூரெட் ஸ்டாண்டு வாங்கி வாருங்கள், போனை நன்றாகவே பிடிக்கும். கிளாம்பின் விரல் மைக் ஓட்டையை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூடினால் கம்பளிக்குள்ளிருந்து பாடியதுபோல் கேட்கும்.

ஒரே டேக், எடிட்டிங் கூடாது என்றால் ஒரு போன்தான். அப்போது வயருள்ள காலர் மைக்கை நேரடியாகப் போனில் செருகி, வாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்திக்கொள்ளுங்கள். புடவைத் தலைப்போ துப்பட்டாவோ உரசாத இடமாகப் பாருங்கள்.

படி 4: சுருதி

புதியவர்கள் அதிகம் திணறுவது இங்கேதான். சுருதி கொடுக்கும் தம்புரா செயலியை இன்னொரு போனில் ஓடவிட்டுப் பாடுகிறீர்கள். பதிவைக் கேட்டால் முதல் சில விநாடிகள் தம்புரா கேட்கிறது, பிறகு மங்கிவிடுகிறது, நீங்கள் பாடும்போது ஏறி, நிறுத்தும்போது இறங்குகிறது. தம்புராவில் குறை இல்லை. போனில் உள்ள இரைச்சல் நீக்கி, மாறாமல் தொடர்ந்து வரும் எந்த ஒலியையும் ஃபேன் சத்தம் என்றே எடுத்துக்கொள்ளும். சுருதியின் இயல்பே மாறாமல் ஒலிப்பதுதான், அதனால் அதையும் துடைத்துவிடுகிறது.

ஆண்ட்ராய்டில் 'ஓப்பன் கேமரா' என்ற இலவசச் செயலியை நிறுவி, அமைப்புகளில் ஒலி மூலத்துக்குப் போய் 'அன்ப்ராசஸ்டு' (இரைச்சல் நீக்கி தொடாத ஒலி) என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்லா போன்களும் இதை ஏற்பதில்லை, 20 விநாடி சோதித்துப் பாருங்கள். ஏற்காவிட்டால் தம்புராவை வயருள்ள இயர்போனில் ஒரு காதில் மட்டும் கேட்டபடி பாடி, எடிட்டிங்கில் அதே கட்டையில் (சுருதி உயரத்தில்) சேர்த்துக்கொள்ளலாம். 5 கட்டையில் பாடிவிட்டு ஐந்தரையில் தம்புராவைச் சேர்த்தால் மொத்தமும் அபஸ்வரம், எனவே கட்டையை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

கரோக்கேவுக்கும் இதே முறைதான். ப்ளூடூத் இயர்போன் மட்டும் வேண்டாம். அதில் ஒலி காதுக்கு வரவே 100 முதல் 300 மில்லி விநாடி தாமதமாகும். அதைக் கேட்டுத் தாளத்தோடு பாடியதாக நீங்கள் நினைப்பீர்கள், பதிவில் ஒவ்வொரு வரியும் பின்தங்கி நிற்கும்.

படி 5: வெளிச்சமும் கேமராவும்

ஜன்னல் உங்கள் முகத்துக்கு முன்னாலோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். பக்க வெளிச்சம் என்றால் மறுபக்கம் ஒரு தெர்மாக்கோல் அட்டையை நிறுத்துங்கள், நிழல் மென்மையாகும்.

1080பி, விநாடிக்கு 30 ஃப்ரேம் போதும். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) நடுவில் மாறாதபடி பூட்டிவிடுங்கள். விளக்கு வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை மின்னும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 விநாடியில் வைத்தால் பட்டை போய்விடும்.

படி 6: பதிவு

எல்லா போன்களையும் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். சரணத்தில் அழைப்பு வந்து பதிவு நின்றால், அதே உணர்ச்சியோடு மறுபடி பாடுவது சிரமம். பாட்டின் உச்ச ஸ்தாயி வரியை முதலில் பாடிப் பார்த்து, பதிவுச் செயலியின் ஒலி அளவு காட்டி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி தூரத்தைச் சரிசெய்யுங்கள். 0-வைத் தொட்டால் குரல் பிளந்துவிடும், அதற்குப் பிறகு மருந்தில்லை.

இரண்டு போன்களிலும் பதிவைத் தொடங்கி, கேமராவில் தெரியும்படி ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். 5 விநாடி அமைதி, பிறகு பாட்டு. முடிந்தபின்னும் 5 விநாடி அசையாமல் இருங்கள். மூன்று டேக் எடுங்கள். அதற்கு மேல் தொண்டை களைக்கும்.

படி 7: சேர்த்தல்

கேடென்லைவ், டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள்கள் இரண்டும் இலவசமாகக் கிடைக்கும். கைதட்டிய இடத்தில் ஒலி அலை கூர்மையாக எழும்பும். இரண்டு பதிவுகளின் அந்த முனைகளை நேராக வைத்துவிட்டு, கேமரா ஒலியை அணைத்துவிடுங்கள். உதடும் குரலும் விலகுமா என்று கணக்கும் பார்த்துவிடலாம்: 2 மீட்டர் கடக்க ஒலிக்குச் சுமார் 6 மில்லி விநாடி, ஒரு ஃப்ரேம் 33 மில்லி விநாடி. போன் கடிகாரங்களுக்குள் பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலும் 5 நிமிடத்தில் 15 மில்லி விநாடிதான் விலகும். கண்ணுக்குத் தெரியாது.

அப்படியும் பாட்டின் முடிவில் உதடும் குரலும் விலகினால், போன் ஃப்ரேம் வேகத்தை மாற்றி மாற்றிப் பதிந்திருக்கிறது. வீடியோவை ஹேண்ட்பிரேக் மென்பொருளில் மாறாத 30 ஃப்ரேமுக்கு மாற்றிவிட்டு மீண்டும் சேருங்கள். எதிரொலி எஃபெக்டும் சுருதி திருத்தும் எஃபெக்டும் போடாதீர்கள். நடுவர் கேட்க விரும்புவது உங்கள் குரலை.

படி 8: அனுப்புதல்

விநாடிக்கு 17 மெகாபிட் வேகத்தில் எடுத்த நாலரை நிமிட வீடியோ 570 எம்பியைத் தாண்டும். வரம்பு 100 எம்பி என்றால் படத்துக்கு 2.5 மெகாபிட், ஒலிக்கு 192 கிலோபிட் என்று வைத்து எம்பி4 ஆக ஏற்றுமதி செய்யுங்கள், சுமார் 91 எம்பி வரும். குறைக்க வேண்டியிருந்தால் படத்தைக் குறையுங்கள், ஒலியில் கை வைக்காதீர்கள். நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள், வீடியோவாக அனுப்பினால் அது தானாகவே சுருக்கிவிடும்.

டிரைவ் இணைப்பு கேட்டால், கல்லூரி மின்னஞ்சல் கணக்கைத் தவிர்ப்பது நல்லது. பல கல்லூரிக் கணக்குகளில் வெளியாட்கள் திறக்க முடியாதபடி பூட்டியிருப்பார்கள், உங்களுக்கு மட்டும் நன்றாகத் திறக்கும். சொந்தக் கணக்கில் ஏற்றி, இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்று மாற்றுங்கள். ஹாஸ்டல் வைஃபை மெதுவாக இருக்கும், கடைசி நாள் இரவு வரை வைத்திருக்காமல் இரண்டு நாள் முன்பே ஏற்றிவிடுங்கள். ஏற்றியபின் இன்காக்னிட்டோ ஜன்னலில் இணைப்பைத் திறந்து, இயர்போன் போட்டு, முதல் விநாடியிலிருந்து கடைசி விநாடி வரை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். அதன்பிறகு படிவத்தைச் சமர்ப்பியுங்கள்.