கான்ஃபுளுயன்ஸ் பக்கத்தை மெயிலில் அனுப்ப

சொந்த சர்வரில் நிறுவிய கான்ஃபுளுயன்ஸில் (குழுவாக ஆவணப் பக்கங்கள் எழுதிப் பகிரும் மென்பொருள்) ஒரு பக்கத்தை மெயிலில் அனுப்ப ஒரு பிளக்இன் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) இயங்க வேண்டும். அதைத் தேடும் முன் மெயில் சர்வரைப் பாருங்கள். நான் தலைகீழாகச் செய்து ஒரு பிற்பகலையே தொலைத்தேன். அட்மினாக உள்நுழைந்து, மேலே இருக்கும் பல்சக்கரத்தை அழுத்தி, பொது அமைப்புகளில் 'மெயில் சர்வர்ஸ்' பகுதிக்குப் போங்கள். ஹோஸ்ட் பெயர் (மெயில் சர்வரின் முகவரி), போர்ட் (இணைப்பு எண், பெரும்பாலும் 587), அனுப்புநர் முகவரி கொடுத்துச் சேமித்து, உங்களுக்கே ஒரு சோதனை மெயில் அனுப்பிப் பாருங்கள். வந்துவிட்டதா? சரி.

அப்புறம் 'மேனேஜ் ஆப்ஸ்'. பட்டியல் முதலில் நாம் நிறுவியவற்றை மட்டுமே காட்டும். 'ஆல் ஆப்ஸ்' என்று மாற்றினால்தான் 'ஷேர் பேஜ்' என்ற அந்தப் பிளக்இன் கண்ணில் படும். வரியை விரித்து 'எனேபிள்' அழுத்துங்கள்.

மெயில் உடனே போகவில்லையே என்று மறுபடி மறுபடி அனுப்பாதீர்கள். வரிசையில் நின்று நிமிடத்துக்கு ஒருமுறைதான் கிளம்பும். என் மேலாளருக்கு ஒரே பக்கம் நான்கு முறை போனது அப்படித்தான்.