தழும்பில் ஒரு போர்: அரசியல் கார்ட்டூன் போடப் பழகுவோம்

1965 அக்டோபரில் அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சனுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன் நடந்தது. சில நாள் கழித்து நிருபர்கள் முன்னால் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். தான் தேறிவிட்டதாக நாட்டுக்குச் சொல்கிறாராம்! 1966 மே மாதம் ‘நியூயார்க் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்’ இதழில் கார்ட்டூனிஸ்ட் டேவிட் லெவின் அதே காட்சியை வரைந்தார். தழும்பு மட்டும், அப்போது அமெரிக்கா போரிட்டுக்கொண்டிருந்த வியட்நாமின் வரைபடமாக மாறியிருந்தது.

புதிதாகக் கார்ட்டூன் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் படத்தைத்தான். ஏ4 தாள், பென்சில், ரப்பர், கருப்பு மைப் பேனா இருந்தால் போதும்.

படி 1: கோபத்தை ஒரே வரியில் எழுதுங்கள்

‘போர் கொடுமையானது’ என்று எழுதினால் அதற்குப் படம் வராது. யார், என்ன செய்தார் என்று வர வேண்டும். 1964 தேர்தல் பிரசாரத்தில், ஆசிய இளைஞர்கள் போட வேண்டிய சண்டைக்கு அமெரிக்கப் பையன்களை அனுப்பப் போவதில்லை என்று பேசியவர் ஜான்சன். அந்த ஆண்டுக் கடைசியில் வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையினர் சுமார் 23,000 பேர். அடுத்த ஆண்டு முடிவதற்குள் 1,84,000. ஆக, நம் வரி: ‘அனுப்ப மாட்டேன் என்றவர் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.’

படி 2: அவரே கொடுத்த காட்சியைத் தேடுங்கள்

எல்லோரும் சறுக்கும் இடம் இது. போர் என்றதும் கை தானாகக் குண்டு, மண்டை ஓடு, ரத்தம் என்று போகும். நான் முதன்முதலில் வரைந்த குண்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அக்கா, “சுரைக்காயா தம்பி?” என்று கேட்டார். அன்றோடு குண்டு போடுவதை விட்டேன்.

லெவின் எதையும் கற்பனையில் தேடவில்லை. சட்டையைத் தூக்கியது ஜான்சனே. எல்லோரும் பார்த்த போட்டோ அது. ஒரு வாரச் செய்திப் படங்களைப் புரட்டுங்கள். தலைவர் எதையாவது பிடித்திருப்பார், வழுக்கியிருப்பார், தேவையில்லாமல் சிரித்திருப்பார். அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: முகம்

ஜான்சனுக்கு நீண்ட மூக்கு, பெரிய காது, தொங்கும் கன்னம். மூன்றையும் ஒரே அளவுக்குப் பெருக்கினால் வெறும் பூதம்தான் வரும். ஒன்றைப் பெரிதாக்கி மற்றதை அடக்கி வையுங்கள்.

படி 4: ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

ஜான்சனுடைய வயிற்றின் வலப்பக்கம் பென்சிலால் லேசாக ஒரு ‘எஸ்’ போடுங்கள். மேலே அகலம், நடுவில் ஒடுங்கிய இடுப்பு, கீழே மறுபடி கொஞ்சம் புடைப்பு. வியட்நாம் வந்துவிட்டது. அதன் குறுக்கே சின்னச் சின்னத் தையல் கோடுகள். அவ்வளவுதான். பின்னால் ஹெலிகாப்டர் பறக்க விடலாமா என்று கை துறுதுறுக்கும், வேண்டாம். கண் நேராகத் தழும்புக்குப் போக வேண்டும்.

படி 5: பெயர் எழுதலாமா?

லெவின் படத்துக்குத் தேவையில்லை. ஆனால் ‘வாஷிங்டன் போஸ்ட்’ கார்ட்டூனிஸ்ட் ஹெர்பிளாக் 1967-இல் போட்ட ஒரு படத்தைப் பாருங்கள். நம்மூர் இரண்டு பெண்டாட்டிக்காரன் கதை மாதிரி ஜான்சன் இரண்டு பெண்களிடம் பேசுகிறார். நகையும் பகட்டுமாக நிற்பவள் வியட்நாம் போர். கந்தலில் நிற்பவள் நகரங்களின் தேவைகள். உங்கள் இருவரையும் காப்பாற்றப் பணம் இருக்கிறது என்கிறார் ஜான்சன். இங்கே பெயர் இல்லாவிட்டால் யார் எவள் என்று தெரியாது. ஆளில்லாத விஷயத்தை ஆளாக்கினால் பெயர் எழுதுங்கள். மற்றபடி பேனாவை மூடி வையுங்கள்.

படி 6: மை, அப்புறம் சோதனை

வெளிக்கோடு தடிமனாக, நிழலுக்கு மெல்லிய குறுக்குக் கோடுகள். தழும்பைச் சுற்றி வெள்ளையாகவே விடுங்கள். மை நன்றாகக் காய்ந்த பிறகு பென்சில் கோட்டை அழியுங்கள். அவசரப்பட்டால் ஜனாதிபதியின் முகத்தில் கரி பூசிய மாதிரி ஆகிவிடும், அதுவும் நாம் நினைத்த விதத்தில் இல்லை.

பிறகு செய்தி பார்க்கிற ஒருவரிடம் ஒன்றும் சொல்லாமல் நீட்டுங்கள். ‘யார் இது?’ என்றால் மூன்றாம் படிக்குப் போங்கள். ‘இது என்ன புழுவா?’ என்று தழும்பைக் காட்டினால், அந்த இடுப்பை இன்னும் கொஞ்சம் ஒடுக்குங்கள்.