முன்கையில் ஒரு பச்சை: டிஜிட்டல் மனித உருவத்தின் தோலில் பச்சை குத்தும் முறை

திருத்தணியைத் தாண்டி நகரி, புத்தூர் பக்கம் போனால், வயதான பெண்களின் முன்கையில் பச்சை குத்தியிருப்பதை இன்றும் பார்க்கலாம். புள்ளி வைத்த கோலம், தேள், கணவர் பெயர் அல்லது அண்ணன் பெயர். பெயர் சிலருக்குத் தமிழில் இருக்கும், சிலருக்குத் தெலுங்கில். முப்பரிமாண மனித உருவங்களைச் செய்யப் பழகும் நம் பிள்ளைகள் பச்சை என்றதும் இணையத்தில் கிடைக்கும் டிராகனையே இறக்கி ஒட்டுகிறார்கள். நம் ஊர் ஆயாவின் உருவத்தைச் செய்கிறவர், அவர் கையில் உள்ள கோலத்தையும் சரியாகச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. அதற்கான வழியை முதல்முறை முயல்கிறவருக்கும் புரியும்படி எழுதுகிறேன்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வையுங்கள். பச்சை தோலின் மேல் இல்லை, தோலுக்குள் இருக்கிறது. ஊசி மேல்தோலைத் துளைத்து, ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில், உள்தோலில் கரியைச் சேர்க்கிறது. மேல்தோல் ஓயாமல் உதிர்ந்து வளர்கிறது. உள்தோலில் சேர்ந்த கரி அங்கேயே தங்கிவிடுகிறது. அந்தக் கரி கறுப்புதான். ஆனால் அதை மேலே உள்ள தோலின் வழியாகத்தான் பார்க்கிறோம். சிவப்பு ஒளி ஆழமாக இறங்கிக் கரியில் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. நீலமும் பச்சையும் கரியை எட்டும் முன்பே சிதறி, ஓரளவு வெளியே திரும்புகின்றன. அதனால்தான் விளக்குக் கரியால் குத்தியதும் நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. பல ஆண்டுகளில் துகள்கள் சிறிது சிறிதாக இடம்பெயர, கோட்டின் ஓரமும் மங்கிவிடுகிறது. கீழே வரும் ஒவ்வொரு படிக்கும் காரணம் இதுவே.

தேவையானவை

மனித உருவத்தை அமைக்க மேக்ஹியூமன், அதற்கு நிறமும் ஒளியும் தர பிளெண்டர், படம் வரைய கிரிட்டா. மூன்றும் இலவசம். வேறு மென்பொருளில் உருவம் செய்பவர்களுக்கும் முறை இதேதான். பொத்தான்களின் பெயர் மட்டும் மாறும்.

1. உருவத்தைச் சரியான அளவில் வெளியே எடுப்பது

மேக்ஹியூமனில் வயதையும் உடல்வாகையும் அமைத்து, தோலைத் தேர்ந்தெடுத்து, ஓ.பி.ஜே. (முப்பரிமாண வடிவத்தைச் சேமிக்கும் வகை) கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். அங்கே அளவு அலகு இயல்பாக டெசிமீட்டரில் இருக்கும். அதை மீட்டருக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் பிளெண்டரில் உருவம் பத்து மடங்கு உயரமாக வந்து நிற்கும். ஒளி தோலுக்குள் எவ்வளவு தூரம் பரவ வேண்டும் என்ற கணக்கும் அதோடு தவறிப்போகும்.

2. பச்சைக்குத் தனிப் படம்

தோல் படத்தின் மேலேயே வரையாதீர்கள். பிளெண்டரின் ஷேடர் எடிட்டரில் (பரப்பின் தோற்றத்தை அமைக்கும் இடம்) புதிய இமேஜ் டெக்ஸ்ச்சர் (பரப்பில் ஒட்டும் படம்) ஒன்றைச் சேர்த்து, 4096-க்கு 4096 பிக்சலில், ஆல்ஃபாவுடன் (எங்கே எவ்வளவு ஒளிபுகும் என்று சொல்லும் பகுதி), முழுக்க ஒளிபுகும் வெற்றுப் படம் ஒன்றை உருவாக்குங்கள். பிறகு இரு நிறங்களைக் கலக்கும் கட்டமான மிக்ஸ் கலர் கணுவை எடுத்து, முறையை மல்டிப்ளை (பெருக்கல்) என வையுங்கள். அதன் ஏ-யில் தோல் படமும், பி-யில் பச்சைப் படத்தின் நிறமும், ஃபேக்டரில் (எவ்வளவு கலக்க வேண்டும் என்ற அளவு) பச்சைப் படத்தின் ஆல்ஃபாவும் சேர வேண்டும். வெளிவரும் நிறத்தைப் பரப்பின் தன்மைகளைச் சேர்க்கும் கணுவான பிரின்சிபிள்டு ஷேடரின் பேஸ் கலரில் (அடிப்படை நிறம்) இணையுங்கள்.

ரஃப்னஸ் (சொரசொரப்பு), பம்ப், நார்மல் (இரண்டும் மேடுபள்ளத்துக்கு) ஆகிய எதிலும் பச்சையை இணைக்காதீர்கள். ஆறிப்போன பழைய பச்சைக்கு மேடும் இல்லை, தனிப் பளபளப்பும் இல்லை. தோலின் சுருக்கமும் எண்ணெய்ப் பளபளப்பும் பச்சைக்கு மேலே, இருந்தபடியே இருக்கின்றன. பிளெண்டர் 4.0-க்கு முந்தைய பதிப்பு என்றால், அதில் சப்சர்ஃபேஸ் கலர் (தோலுக்குள் பரவும் ஒளியின் நிறம்) என்று தனியாக ஓர் இடம் இருக்கும்; அங்கும் இதே நிறத்தைக் கொடுக்க வேண்டும். 4.0 முதல் பேஸ் கலரே போதும்.

3. வடிவம்

கிரிட்டாவில் ஒளிபுகும் பின்னணியில், கெட்டிக் கறுப்பில் கோலத்தை வரைந்து பி.என்.ஜி.-யாகச் சேமியுங்கள். வெள்ளைப் பின்னணி இருந்தால் கையில் அதுவும் சேர்ந்து பதியும். இந்தக் கட்டத்தில் மங்கலும் வேண்டாம், பச்சை நிறமும் வேண்டாம்.

கையால் குத்தியது என்றால் கோடு நேராக ஓடாது. ஒவ்வொரு குத்தும் ஒரு புள்ளி. புள்ளிகள் நெருங்கித்தான் கோடாகின்றன. ஆகவே தூரிகையின் இடைவெளியைச் சற்றே கூட்டி, புள்ளிகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் விழும்படி வரையுங்கள். திருவிழாக் கடையில் மின்சார ஊசியால் குத்திய பச்சையில் கோடு மெலிந்து, சீராக இருக்கும். உங்கள் பாத்திரம் எந்தக் காலத்தில், எங்கே குத்திக்கொண்டவர் என்பதை இங்கேயே முடிவு செய்துவிடுங்கள்.

மாதிரிக்குப் படம் எடுக்க வேண்டுமென்றால், "ஆயா, உங்கள் கையைப் படம் எடுத்துக்கொள்ளட்டுமா? கணினியில் பொம்மை செய்வதற்கு" என்று என்ன வேலைக்கு என்பதையும் சொல்லிக் கேளுங்கள். அவர் கையில் உள்ள பெயரை உருவத்தில் அப்படியே எழுதாதீர்கள். அது அவர் வீட்டுப் பெயர். உங்கள் பாத்திரத்துக்கு வேறு பெயர் வையுங்கள்.

4. கையில் பதிப்பது

பிளெண்டரில் உருவத்தின் மேலேயே வரையும் டெக்ஸ்ச்சர் பெயிண்ட் நிலைக்குப் போய், பச்சைப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். தூரிகையின் டெக்ஸ்ச்சர் பகுதியில் உங்கள் கோலத்தை ஏற்றி, மேப்பிங்கை (படம் விழும் முறை) ஸ்டென்சில் (அச்சுத்தகடு) என மாற்றுங்கள். தூரிகை நிறம் வெள்ளையாக இருக்கட்டும். அப்போதுதான் வடிவத்தின் நிறம் மாறாமல் விழும். வலது பொத்தானை அழுத்தி இழுத்தால் ஸ்டென்சில் நகரும், ஷிஃப்டோடு இழுத்தால் அளவு மாறும், கன்ட்ரோலோடு இழுத்தால் சுழலும்.

முன்கை உருளை வடிவம். ஒரே கோணத்திலிருந்து முழுவதையும் பதித்தால் ஓரங்களில் கோலம் இழுபட்டுவிடும். நடுப்பகுதியைப் பதித்து, பார்வையைச் சிறிது திருப்பி, ஸ்டென்சிலைப் பொருத்தி, அடுத்த பகுதியைப் பதியுங்கள். பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் வளைவைச் சுற்றி ஓடும் கோடுதான் பச்சையை அந்தக் கைக்கே உரியதாகக் காட்டுகிறது. யூ.வி. வரைபடம் (உருவத்தின் தோலைத் தட்டையாக விரித்த படம்) பிரியும் தையல் ஓரத்திலிருந்து ஒரு விரல்கடை தள்ளியே வையுங்கள். இல்லாவிட்டால், பிறகு மங்கலாக்கும்போது தையலில் கோடு துண்டாகிவிடும். விளையாட்டுகளுக்காகச் செய்த சில உருவங்களில் இரண்டு கைகளுக்கும் ஒரே யூ.வி. இடம்தான் இருக்கும். அவற்றில் ஒரு கையில் எழுதிய பெயர் மறு கையில் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறித் தோன்றும். முதலில் ஒரு புள்ளி வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

பதித்ததும் இமேஜ் எடிட்டரில் அந்தப் படத்தைத் தனியாகச் சேமியுங்கள். பிளெண்டர் கோப்பைச் சேமித்தால் வரைந்த படமும் சேமிக்கப்பட்டுவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

5. அளவுக் கணக்கு

கோட்டின் தடிமனையும் மங்கலையும் கண் மதிப்பில் வைத்தால் பெரும்பாலும் மிகையாகிவிடும். வெற்றுப் படம் ஒன்றை இதேபோல் உருவாக்கி, பிளெண்டரின் அளவுக் கருவியால் முன்கையில் 10 செ.மீ. அளந்து, இரு முனையிலும் புள்ளி வையுங்கள். அந்தப் படத்தைக் கிரிட்டாவில் திறந்து, புள்ளிகளுக்கு நடுவே எத்தனை பிக்சல் என்று பாருங்கள். 300 பிக்சல் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 3 பிக்சல். பழைய கைக்குத்துப் பச்சையில் கோடு சுமார் 2 மி.மீ. இருக்கட்டும் என்றால் 6 பிக்சல். உங்கள் கோடு 15 பிக்சல் இருந்தால் அது 5 மி.மீ.; பார்ப்பவருக்கு மைப்பேனாவால் கிறுக்கியதுபோல்தான் தெரியும். அடுத்த படியில் நான் தரும் எண்கள் இந்த 3 பிக்சல் கணக்குக்கானவை. உங்கள் கணக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

6. நிறமும் மங்கலும்

கிரிட்டாவில் கீழே தோல் படம், மேலே பச்சைப் படம். தோல் படம் சிறியதாக இருந்தால் 4096-க்குப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். பச்சைப் படத்தை ஒரு குழுவுக்குள் போட்டு, குழுவின் முறையை மல்டிப்ளை ஆக்குங்கள்.

கறுப்பை நீலப்பச்சையாக மாற்ற வேண்டும். சிவப்பு 70, பச்சை 120, நீலம் 130 என்று தொடங்கலாம். மல்டிப்ளை என்பது இரு நிறங்களையும் பெருக்கி 255-ஆல் வகுப்பது. நம் ஊர் மாநிறத் தோலை 150, 100, 75 என்று வைத்துக்கொண்டால், கிடைப்பது ஏறத்தாழ 41, 47, 38. தோலில் மேலோங்கி நின்ற சிவப்பு இறங்கி, பச்சை நிறம் முன்னே வந்துவிட்டது. சாதாரண முறையில் பளிச்சென்ற பச்சை நிறத்தைப் பூசினால் இது கிடைக்காது; அது தோலின் நிறத்தையும் மச்சத்தையும் துளைகளையும் மூடிவிடும். பெருக்கும்போது அவை எல்லாம் கோட்டின் ஊடே தெரியும். கருத்த தோலில் பச்சை தானாகவே அடங்கித் தெரியும், உள்ளங்கைப் பக்கம் வெளுத்த இடத்தில் எடுப்பாகத் தெரியும். நிஜத்திலும் அப்படித்தான், ஏனென்றால் தோலுக்கு நிறம் தரும் மெலனின் கரிக்கு மேலேதான் இருக்கிறது.

இப்போது அந்த அடுக்கை நகலெடுங்கள். மேல் நகலுக்கு 1 பிக்சல் காஸியன் மங்கல் (ஓரத்தை மென்மையாக்கும் வடிகட்டி), 70 சதவீத அடர்த்தி. கீழ் நகலுக்கு 5 பிக்சல் மங்கல், 35 சதவீதம். நடுவில் கோடும் சுற்றிலும் கசிந்த நிழலுமாக இரண்டும் சேர்ந்து பல ஆண்டுப் பச்சையின் தோற்றத்தைத் தரும். ஒரே அடுக்கை அதிகமாக மங்கலாக்கினால் படம் தெளிவில்லாததுபோல் தெரியுமே தவிர, பச்சை பழையதாகத் தெரியாது.

பிறகு மென்மையான அழிப்பானை 10 சதவீதத்தில் வைத்து, அங்கங்கே லேசாகத் தொடுங்கள். கையால் குத்தியது எங்கும் ஒரே ஆழத்தில் இறங்குவதில்லை. கோடுகள் சந்திக்கும் முனைகளை மட்டும் விட்டுவிடுங்கள். இரண்டு முறை குத்திய இடம் என்பதால் அங்கே கரி கூடுதலாக இருக்கும்.

தோல் அடுக்கை மறைத்து, பச்சையை மட்டும் பி.என்.ஜி.-யாக அதே பெயரில் சேமித்து, பிளெண்டரின் இமேஜ் எடிட்டரில் ஆல்ட்டும் ஆர்-உம் அழுத்தினால் புதிய படம் ஏறிவிடும்.

7. ஒளியில் சோதிப்பது

பிளெண்டரில் ஒளியைக் கணக்கிட்டுப் படமாக்கும் சைக்கிள்ஸில், சப்சர்ஃபேஸை (தோலுக்குள் ஒளி பரவும் அளவு) சிறிது சிறிதாகக் கூட்டிப் பாருங்கள். ஒளிப் பரவல் கோட்டை மேலும் மங்கலாக்கும். கோடு கரைந்துபோனால் முதலில் சப்சர்ஃபேஸின் ஸ்கேல் அளவைக் குறைத்துப் பாருங்கள். படத்தைக் கறுப்பாக்குவது கடைசி வழி. பக்கவாட்டிலிருந்து ஒரு விளக்கை வைத்து, பளபளப்பு கோட்டின் மேல் விழும்படி கையைத் திருப்புங்கள். பளபளப்பு கோட்டை மறைத்தபடி தடையில்லாமல் ஓட வேண்டும். கோடு பளபளப்பை வெட்டிக்கொண்டு கறுப்பாக நின்றால், எங்கோ ரஃப்னஸிலோ ஸ்பெகுலரிலோ (பளபளப்பின் அளவு) பச்சை இணைந்திருக்கிறது. இரண்டாம் படிக்குப் போய்க் கணுக்களைச் சரிபாருங்கள்.

இளம் பாத்திரத்துக்குப் புதிதாகக் குத்திய பச்சை வேண்டுமானால், கீழ் நகலை நீக்கி, நிறத்தை 40, 50, 55 அளவுக்கு இறக்கி, கோட்டைச் சுற்றி வேறொரு அடுக்கில் லேசான சிவப்பைச் சேர்த்தால் போதும். அங்கே மட்டும் பம்ப்பில் மிகச் சிறிய மேடு வைக்கலாம்.